பச்சை பக்கிள் விசாரணை

அகில அண்டங்கள் வாசகர் பேரவையிலிருந்து வந்த கடிதம், 'நேர்மையானவர் என்று இதுவரை நம்பப்படும் அம்மையாருக்கு' என்று ஆரம்பித்தது. கலர் அக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு உறையைத் திருப்பி, பசை ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டி, நடுவழியில் யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அவள் சுபாவமே அப்படி. பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைக் கடையில் ஒரு முறை பார்ப்பாள், வீட்டு வாசலில் ஒரு முறை பார்ப்பாள், வழியில் மாறியிருந்தால்? லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் 'இன்னிக்கு வர லேட்டாகும்' என்றால், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, என்ன கோளாறு என்று மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்துவிட்டால், இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே என்று சந்தேகம் வந்துவிடும். இப்படிப்பட்டவளையே சந்தேகப்பட ஒரு பேரவை இருக்கிறது என்றால், அது எப்பேர்ப்பட்ட பேரவை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வேலை, காமிக்ஸ் புத்தகத்துக்குக் கலர் போடுவது. மாதம் ஒரு இதழ். கதாநாயகன் பெயர் வால்வெள்ளியான். ஓவியர் கறுப்புக் கோட்டில் வரைந்து அனுப்புவார், இவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கலர் நிரப்புவாள். முதல் ஐந்து வருஷம் நிம்மதியாகப் போனது. ஒரு வால்வெள்ளியான், ஒரு உலகம், ஒரு வில்லன். அப்புறம் கதாசிரியருக்குக் கதை தீர்ந்துபோயிற்று. கதை தீர்ந்தால் ஒரு மனிதர் வேறு வேலை தேட வேண்டும். அவர் வேறு உலகம் தேடினார். இப்போது மொத்தம் பதினெட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வெள்ளியான். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே உடுப்பு. பதினெட்டு உடுப்பு வரைய ஓவியருக்குப் பொறுமை இல்லை. ஆகவே வித்தியாசம் பெல்ட் பக்கிளில் மட்டும்தான். ஏழாம் உலகத்தவனுக்கு மஞ்சள் பக்கிள், ஒன்பதாம் உலகத்தவனுக்குப் பச்சை பக்கிள். பதினொன்றாம் உலகத்தவனுக்கு ஊதா. அவன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் அவ்வப்போது வந்துபோவான்.

ஒவ்வொரு உலகத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கலர் பட்டியல் இருந்தது. கதை எந்த உலகத்தில் நடக்கிறதோ அந்தப் பட்டியலைத் திறந்துகொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் கலர் அக்கா ஒரு நாளும் பட்டியல் மாற்றித் திறந்ததில்லை, ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர.

அன்றைக்கு மாலை நாலு மணி தாண்டி மகள் கல்லூரியிலிருந்து போன் செய்தாள். பேச்சே வரவில்லை, விம்மல்தான் வந்தது. கலர் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் விஷயம் வந்தது.

"ஃபெயிலாயிட்டேம்மா. புள்ளியியல் போயிடுச்சு."

"அவ்வளவுதானே, அடுத்த தடவை எழுதிக்கலாம். அழாதடி." இதைச் சொல்லும்போதே அவள் குரலும் உடைந்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லாதே. யாருகிட்டயுமே சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அப்பா விஷயம் அப்படிப்பட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும்வரை, பயப்படாமல் இருக்கட்டும் என்று கதவு இடுக்கு வழியாக மகளுடைய மார்க்குகளைச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க் தெரியும்.

பக்கம் அன்றே அச்சுக்குப் போயாக வேண்டும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மகளைத் தேற்றிக்கொண்டே கலர் அக்கா வேலை பார்த்தாள். நாற்பது நிமிஷம். அந்தக் கலவரத்தில் ஏழாம் உலகத்துப் பட்டியலுக்குப் பதில் ஒன்பதாம் உலகத்துப் பட்டியல் திறந்துகொண்டது. பதினேழாம் பக்கம், மூன்றாவது கட்டத்தில், ஏழாம் உலகத்து வால்வெள்ளியான் பச்சை பக்கிளோடு, ஒன்றும் அறியாதவன் மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

நம்மைப் போன்றவர்கள் பார்த்தால், கலர் மாறிவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். காமிக்ஸ் ரசிகர்கள் பக்கத்தைத் திருப்பவில்லை. இரண்டே வாரத்தில் அந்த வாசகர் பேரவையிலிருந்து 'பச்சை பக்கிள் கோட்பாடு' என்று முப்பத்துநாலு பக்கத்தில் ஒரு கையேடு வெளிவந்தது. அண்டங்களுக்கு நடுவில் உள்ள சுவர் இடிந்துகொண்டிருக்கிறதாம். ஒன்பதாம் உலகம் ஏழாம் உலகத்துக்குள் ஒழுகுகிறதாம். இன்னும் நாலு இதழுக்குள் பதினெட்டு உலகங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழப்போகின்றனவாம். எழுதியது 'கோட்பாட்டாளர் எண் 61'. முதல் பக்கத்திலேயே அந்த எண் தன் அஸ்திவாரத்தைப் போட்டிருந்தது: 'இந்தக் கலரிஸ்ட் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தவறுகூடச் செய்யாதவர். ஆகவே இது தவறாக இருக்க வழியே இல்லை.'

ஆபீஸில் டீ குடிக்கும்போது கலர் அக்கா அதைப் படித்தாள். முதலில் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆபீஸில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. இரண்டாவது வாய் டீக்குள் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தில் 'வண்ணம்: குழு' என்றுதான் போடுவார்கள். அந்தக் குழுவே அவள் ஒருத்திதான் என்பதும், அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்பதும் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? படத்தின் பேச்சு பலூனுக்குள் வசனம் எழுதும் எழுத்து அண்ணனை அன்று முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பாவம், சட்டையில் குழம்பு கொட்டியிருக்கிறதோ என்று நாலு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

பச்சை பக்கிள் விசாரணைக்குச் சாட்சியாக வரச்சொல்லிப் பேரவையின் கடிதம் வந்ததும், இதழின் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஆசிரியர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார், பிறகு குரலையும் தாழ்த்தினார்.

"அக்கா, அந்த இதழ் மூணு தடவை மறுபடி அச்சுக்குப் போயிருக்கு. போய்ட்டு வாங்க. ஆனா தப்பு நடந்துடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"தப்பு நடக்கலைன்னு சொல்லவா?"

"ஐயோ, அதையும் சொல்லாதீங்க. அப்புறம் வேணும்னே பண்ணினதா ஆயிடும். அந்தக் கதையை நாங்க எழுதியாகணும்."

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க. ஆனா யோசிக்காதீங்க. நீங்க எதையாவது வாய விட்டீங்கன்னா அக்கா, உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை." அவர் இன்னும் கிட்டே வந்தார். "நமக்குள்ள இருக்கட்டும். நிஜமாவே கதாசிரியர்தானே எனக்குத் தெரியாம உங்களை அந்தப் பச்சையைப் போடச் சொன்னார்?"

"இல்லைங்க."

"எனக்குத் தெரியும், நீங்க சொல்ல மாட்டீங்க." அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்.

வெளியே வந்தால் கதாசிரியர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரமாகக் கோட்பாட்டுக் கையேட்டைப் படித்துப் படித்து மனிதருக்குக் கண் உள்ளே போயிருந்தது. "ஏம்மா, ஒருவேளை நான்தான் உங்ககிட்ட சொன்னேனோ? நல்ல ஐடியாவாத்தான் இருக்கு. எனக்கு ஞாபகம் இல்லாம போயிருக்கலாம்" என்றார்.

கலர் அக்காவுக்கு இவர்கள் யாரும் பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய பயம் வேறு. ஏன் பக்கிள் பச்சையானது என்று யாராவது குடைந்து கேட்டால், கேள்வி அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில் போய் நிற்கும். அங்கே மகள் அழுதுகொண்டிருக்கிறாள். அது மட்டும் வெளியே வரக் கூடாது.

விசாரணை சனிக்கிழமை. மகள் வழக்கம்போல 'லைப்ரரி' என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டாள். மூன்று மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் லைப்ரரி. தோற்ற பாடத்தைப் படிக்கிறாள் என்று நம்பத்தான் கலர் அக்காவுக்கு ஆசை. ஆனால் லைப்ரரிக்குப் போய்வந்தவள் விரலில் ஊதா ஸ்டாம்பு மை எதற்கு? எவனாவது தபால்காரனைக் காதலிக்கிறாளோ என்றுகூட யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

பேரவைக்கு இடம், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான ஹால். மாடிப்படி முடியும் இடத்தில் பதிவாளர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். படிவம் ஒன்றை நீட்டினார். பெயர், வயது, தொழில். நாலாவது கேள்வி: 'தற்போது வசிக்கும் உலகம்'. ஐந்தாவது: 'பிறந்த உலகம், வேறாயின்'. கலர் அக்கா இரண்டுக்கும் 'இதே' என்று எழுதினாள். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இதேன்னா எதும்மா?"

"இதாங்க. நாம நிக்கறது."

"அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று பெருமூச்சு விட்டு, 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று ஊதா மையில் ஒரு ஸ்டாம்பு அடித்தார்.

ஊதா மையைப் பார்த்ததும் கலர் அக்காவுக்கு என்னவோ செய்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அழிந்துபோன உலகங்களுக்கு மௌன அஞ்சலி. அழிந்தவை மூன்று, ஆகவே மூன்று நிமிஷம் நிற்க வேண்டும் என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். பதினொன்றாம் உலகத்து ஆள் இன்னும் வந்துபோவதால் அது அழிந்ததா என்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது, எனவே இரண்டரை நிமிஷம்தான் என்றார் இன்னொருவர். இந்தச் சண்டை ஆறு நிமிஷம் நடந்தது. அதையே அஞ்சலியாக ஏற்றுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் தலைவர், வார நாட்களில் பல் டாக்டர். இன்னொருவர் சந்தேகச் செயலாளர், வார நாட்களில் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் விசாரிப்பவர். விபத்தில் கால் போனவரிடம், அதற்கு முன்னால் கால் இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டுப் பதவி உயர்வு வாங்கியவர். தலைவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, நாம் கேள்வி கேட்பதற்காகக் கூடியவர்கள். பதில் கிடைத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், கவனக்குறைவால், இந்தப் பேரவை ஒரு கோட்பாட்டை நிரூபித்துவிட்டது. அதன்பிறகு ஆறு மாதம் ஒரு குருவி கூட இந்த ஹாலுக்கு வரவில்லை. நானே தனியாக வந்து, நாற்காலி போட்டு, நாற்காலி மடக்கிவிட்டுப் போனேன். அந்தத் தவறு மறுபடி நடக்க விடமாட்டேன். அதனால்தான் நம் பேரவை தரும் மிக உயர்ந்த அங்கீகாரம் 'ஏறத்தாழ நிரூபணம்' என்று விதியை மாற்றினேன். உண்மையை நாம் மதிக்கிறோம். அதனால்தான் அதன் பக்கத்தில் போவதில்லை."

பலத்த கைதட்டல். கலர் அக்காவும், தட்டாவிட்டால் குறித்துக்கொள்வார்களோ என்று, இரண்டு தட்டு தட்டினாள்.

சத்தியப் பிரமாணத்துக்கு முதல் இதழைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். தொடக் கூடாது, கைரேகை பட்டால் மதிப்புக் குறையும். அரை அங்குல உயரத்தில் கையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். "நான் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதே" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

"சாட்சியின் பதில்களுக்கு மதிப்பெண் உண்டு" என்றார் சந்தேகச் செயலாளர். "ஒத்துக்கொண்டால் அரை ஆதாரம். மறுத்தால் ஒரு ஆதாரம். கோபமாக மறுத்தால் இரண்டு. பேசாமல் இருந்தால் மூன்று."

"நெசமாவே ஒண்ணுமில்லைன்னா?" என்று கேட்டாள் கலர் அக்கா.

"நாலு" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அதற்குப் பிறகு கோட்பாட்டாளரைக் கூப்பிட்டார்கள். சாட்சி யார் என்பதைக் கோட்பாட்டாளரிடமும், கோட்பாட்டாளர் யார் என்பதைச் சாட்சியிடமும் கடைசி நிமிஷம்வரை மறைப்பது பேரவை விதி. பக்கத்து அறைக் கதவு திறந்தது. கையில் முப்பத்துநாலு பக்கக் கையேடும், விரலில் ஊதா மையுமாக, எண் 61 உள்ளே வந்தது.

மகள்.

கலர் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மகளின் முகம் அதைவிட மோசம். வாய் 'அம்' வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது.

"சாட்சியை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றார் சந்தேகச் செயலாளர். சாட்சிக்கும் கோட்பாட்டாளருக்கும் உறவு இருந்தால் கோட்பாடு தள்ளுபடி.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

பத்தொன்பது வருஷம் சோறு போட்டவளுக்கு இந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் புரிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தவறுகூடச் செய்யாதவர் என்று எழுதியது இவள். எழுத்து அண்ணன் இல்லை, எந்த உளவாளியும் இல்லை. அந்த வரியைப் படித்தபோது வந்த பெருமை, போன வேகத்தில் திரும்பி வந்தது.

"சாட்சிக்கு?"

"இந்தப் பொண்ணையா? இது மாதிரி நிறையப் பொண்ணுங்க இருக்காங்களே" என்றாள் கலர் அக்கா. ஒரு ஆதாரம் என்று குறிக்கப்பட்டது.

சந்தேகச் செயலாளர் திரையை இறக்கினார். போர்வை அகலத்துக்கு ஒரு புகைப்படம். 'ஒரு பக்கம் உருவாகிறது' என்று பதிப்பகம் தன் விளம்பரத்துக்காகவே வெளியிட்ட படம். கம்ப்யூட்டர் திரையில் பதினேழாம் பக்கம், எதிரில் கலர் அக்கா, தோளில் போன். சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

"தேதி ஒன்பது, செவ்வாய்க்கிழமை" என்று படித்தார். "சாட்சியின் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கலங்கியிருக்கின்றன. ஒரு பக்கிளுக்குக் கலர் போட யாராவது அழுவார்களா? நண்பர்களே, தன் கையால் ஒரு அண்டத்தை அழிக்கப்போவது தெரிந்துதான் இந்த அம்மையார் கண் கலங்கியிருக்கிறார். இரண்டாவது படம், மணி நாலு ஐம்பது. அதே தோள், அதே போன். நாற்பது நிமிடம் அவருக்கு உத்தரவு போட்டது யார்?"

தேதியையும் மணியையும் கேட்டதும் மகளின் கையிலிருந்த கையேடு மெல்லத் தாழ்ந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், படத்தில் இருந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். கலர் அக்கா அதைக் கவனித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இவளுக்குப் புரிந்தது.

"போன்ல யாரும்மா?"

"கேஸ் கம்பெனிங்க. சிலிண்டர் வரலை."

"கேஸ் கம்பெனியோடு நாற்பது நிமிடம் கண் கலங்கவா?"

"நீங்க பேசிப் பாத்திருக்கீங்களா? யாருக்கும் கலங்கும்."

ஹாலில் நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சந்தேகச் செயலாளர் அவர்களுடைய பெயர்களைக் குறித்துக்கொண்டார்.

"நல்லது. சாட்சி ஒத்துழைக்க மறுக்கிறார். விதிப்படி நாளைக்கு இல்ல ஆய்வு. நாங்கள் மூன்று பேர் உங்கள் வீட்டுக்கு வருவோம். போனை வாங்கிப் பார்ப்போம். உங்கள் கணவரை உட்காரவைத்து, ஒன்பதாம் தேதி நாலு பத்துக்கு உங்களுக்கு யார் போன் செய்திருக்க முடியும் என்று கேட்போம்."

கலர் அக்கா தன் போனை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். போனில் பெயர் இருக்கும். மகள் பெயர். நாற்பது நிமிஷம் அம்மாவிடம் என்ன பேசினாய் என்று அப்பா கேட்பார், மகள் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாமல் விழிப்பாள். வேறு வழியில்லை. ஒரு பொய்தான், பெரிய பொய்யாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் திங்கட்கிழமை வேலை இருக்காது. போகட்டும்.

"வீட்டுக்கெல்லாம் வர வேணாங்க. சொல்லிடறேன்." அவள் எழுந்து நின்றாள். ஹாலே மூச்சை அடக்கிக்கொண்டது. "போன்ல பேசினது எங்க கதா—"

"நான்தான்" என்றாள் மகள்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"நான்தான் பேசினேன். அவங்க என் அம்மா. பரீட்சையில ஃபெயிலாயிட்டேன்னு போன் பண்ணி அழுதேன். அவங்களும் அழுதாங்க. அதுல கலர் மாறியிருக்கு. இது தப்புதான். சாதாரணத் தப்பு. வேற ஒண்ணும் இல்லை." கையேட்டை மேஜைமேல் வைத்தாள்.

கலர் அக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அவளை ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கறதை என்னைக் கேளுங்க" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி ஆபீஸில் ஒருத்தரும் கேட்டதில்லை.

சந்தேகச் செயலாளர் அசரவில்லை. கால் போனவர்களையே பார்த்தவர்.

"எத்தனை பாடத்தில் தோல்வி?"

"ஒண்ணு. புள்ளியியல்" என்றாள் கலர் அக்கா.

"ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடம் யாரும் அழமாட்டார்கள். என் அனுபவத்தில், ஒரு பாடத்துக்குப் பதினைந்து நிமிடம்தான். மீதி இருபத்தைந்து நிமிடம் எதற்கு அழுதீர்கள்? எதை மறைக்கிறீர்கள்?"

"எதையும் மறைக்கலைங்க. ஒரு பாடம்தான். என்கிட்டதானே சொன்னா."

மகள் பேசவில்லை. மூன்று ஆதாரம் என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள்.

"நாலு" என்றாள் மகள்.

"என்னடி?"

"நாலு பேப்பர்மா. ஒண்ணு இல்லை."

கலர் அக்கா அவளையே பார்த்தாள். கடைக்காரன், கணவன், எழுத்து அண்ணன் என்று உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள். அந்த ஒரு போனில் வந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

மேடையில் தலைவர் மெதுவாக எழுந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. பல் டாக்டர்களுக்கு எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது வரும் வெளிச்சம்.

"நண்பர்களே, கவனித்தீர்களா? ஒரே பெண். ஒரே தேர்வு. ஒரே தொலைபேசி அழைப்பு. அம்மையார் வாழும் உலகில் தோல்வி ஒன்று. மகள் வாழும் உலகில் தோல்வி நான்கு. இருவரும் உண்மை என்று நினைத்துக்கொண்டிருப்பதையே சொல்கிறார்கள், அம்மையாரோ கையை அரை அங்குலம் மேலே வைத்துச் சத்தியம் செய்தவர். இது பொய் என்று ஒரு சாதாரண மனிதன் சொல்வான். நாம் அப்படி அவசரப்படலாமா? இரண்டு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, இதோ, இந்த ஹாலில், நம் கண் எதிரே, முட்டிக்கொண்டு நிற்கின்றன."

சந்தேகச் செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்ததைப் பேரவை உறுப்பினர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"உறவுமுறைக் காரணத்தால் கோட்பாடு தள்ளுபடி ஆகாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருவரும் வேறு வேறு உலகத்தவர்கள்" என்றார் தலைவர். "எனவே சட்டப்படி உறவு இல்லை. பச்சை பக்கிள் கோட்பாடு, ஏறத்தாழ நிரூபணம்."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். ஒருவர் மகளுக்குச் சால்வை போர்த்தினார். பதிவாளர் ஸ்டாம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு பேருக்கும் தனித்தனி உலகச் சான்றிதழ் எழுத ஆரம்பித்தார். இருவரையும் அருகருகே நிற்கவைத்தால் ஆபத்து என்று ஒருவர் நடுவில் நாற்காலி போட்டார். கலர் அக்கா நாற்காலியை இடது கையால் தள்ளிவிட்டு, வலது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் இறங்கினாள். பின்னால் 'அம்மா, கையெழுத்து பாக்கி' என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

டயர் கடை வாசலில் வந்துதான் நின்றாள். வெயில் கொளுத்தியது. அவளுக்குக் கோபம் பொங்கியது. எதன்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஏன்டி ஒண்ணுன்னு சொன்னே?"

"நாலையும் சொல்லத்தான் போன் பண்ணினேன். முதல் பேப்பர் பேரைச் சொன்னதுமே நீ அழ ஆரம்பிச்சிட்டே. ஒண்ணுக்கே இப்படி அழறாளேன்னு அங்கயே நிறுத்திட்டேன்."

ஒரு லாரி டயரை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் போனார்கள். டயர் போகும்வரை அம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக நின்றார்கள்.

"அந்தப் புத்தகம் எதுக்கு எழுதினே?"

மகள் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பச்சை பக்கிளைப் பாத்தப்ப, நீ தப்பு பண்ண மாட்டியேன்னு தோணிச்சு. அப்ப இது நிஜமா இருக்கும்னு நினைச்சேன். எங்கயோ ஒரு உலகத்துல நான் நாலும் பாஸ் பண்ணியிருப்பேன்ல. அது வந்து இதை இடிச்சுத் தள்ளிட்டா, வீட்டுல பாஸ் பண்ணினவதான் இருப்பா. நான் இருக்க மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நல்லதுதானே."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை சனிக்கிழமை கிளம்பிப் போயிருக்கிறாள். திட்ட வேண்டும், நாலு அறை விட வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும் என்று மூன்றும் கலர் அக்காவுக்கு ஒரே நேரத்தில் வந்தன. சால்வையை அவளிடமிருந்து பிடுங்கி, மகளின் முகத்தில் இருந்த கண்ணீரையும் வியர்வையையும் அழுத்தித் துடைத்தாள்.

"பாஸ் பண்ணினவளை அவ அம்மா பாத்துக்குவா" என்றாள். "எனக்கு இவதான். மத்த மூணு பேப்பர் என்னென்னன்னு சொல்லு."